சண்டிலிப்பாய்க் கோட்டமும் விவாத ஆசிரியர்களும்: மேடைக்குப் பின்னால் நின்றவர்களின் கதை

யாழ்ப்பாணத்து மேடைப் பேச்சின் வரலாறு பெரும்பாலும் பேச்சாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. எவர் எந்த மேடையில் எதைப் பேசினார், எவருடைய பேச்சுக்குக் கூட்டம் திரண்டது என்பனவெல்லாம் பதிவாகியுள்ளன. அந்தப் பேச்சாளரைப் பள்ளிப் பருவத்திலே மேடையேற்றி, கை நடுக்கத்தைப் போக்கி, எதிரணி என்ன சொல்லும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கப் பழக்கிய ஆசிரியரின் பெயர் அப்பதிவுகளில் அருகியே காணப்படும். விவாதம் பழக்கும் ஆசிரியர்கள் தத்தம் பாடசாலை வேலியைத் தாண்டி ஒன்றுகூட வேண்டும், பிரதேச அளவில் தமக்கென ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சண்டிலிப்பாயை நடுவாக வைத்துச் சிந்திக்கும்போது, அதற்கு இம்மண்ணில் ஒரு முன்வரலாறு உண்டா என்ற கேள்வி எழுகின்றது. உண்டு என்பதே இக்கட்டுரையின் விடை.

சண்டிலிப்பாயை ஏன் நடுவாக வைக்கின்றோம் என்பதை முதலிற் கூறிவிடுதல் நன்று. யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் வீதியில் அமைந்த ஊர் இது. சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலாலும், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையாராலும் அறியப்பட்டது. இன்றைய நிருவாகத்தில் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலர் பிரிவின் தலைமையிடம் இதுவே. மானிப்பாய், ஆனைக்கோட்டை, சுதுமலை, பண்டத்தரிப்பு, இளவாலை, மாதகல் ஆகிய ஊர்கள் இப்பிரிவினுள் அடங்குவன. கல்வி நிருவாகத்திலும் வலிகாமம் வலயத்தினுள் சண்டிலிப்பாய் என்ற பெயரில் ஒரு கோட்டம் உண்டு. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம் என ஏறித் தேசிய மட்டத்தில் முடிகின்றன. ஆகவே, ஒரு மாணவன் தன் பாடசாலைக்கு வெளியே முதன்முதலாக எதிரணியைச் சந்திக்கும் இடம் இந்தக் கோட்டமே.

கோட்ட மட்டத்தில் மாணவர்கள் சந்திக்கின்றார்கள். அவர்களைப் பழக்கிய ஆசிரியர்களும் சந்திக்கின்றார்கள். ஆனால் அந்தச் சந்திப்பு எதிரெதிர் அணிகளின் பின்னால் நிகழும் சந்திப்பு. தீர்ப்பு வந்ததும் ஒரு பகுதியார் மகிழ்ச்சியோடும் மறுபகுதியார் மனத்தாங்கலோடும் கலைந்து செல்வர். தம் தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு அந்த நாள் உகந்த நாளன்று. சங்கம் என்ற ஒன்றின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

கிரகணமும் பிரசங்கமும்

வாதிடும் கலை எம்மவர்க்குப் புதியதன்று. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் உள்ளது. சமயவாதிகள் சபைகூடி வாதிட்ட மரபும் நெடியது. எனினும், பாடசாலைக்குள் ஒழுங்கு முறையாக வாதம் பழக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திற்கு வந்த பாதை வேறு.

அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய் என வலிகாமத்தில் நிலையங்களை அமைத்தனர். இவற்றுட் பண்டத்தரிப்பும் மானிப்பாயும் இன்றைய சண்டிலிப்பாய்ப் பிரிவுக்குள் வருவன. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1855 இல் மூடப்படும் வரை அது தமிழையும் ஆங்கிலத்தையும், மேலைக் கணிதத்தையும் கீழைத்தேய வானியலையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பயிற்றியது. செமினரியின் முதல் அதிபர் டானியல் பூர் 1829 இல் ஒரு பெரிய வாதத்தைத் தொடக்கிவைத்தார். அவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணிப்பைத் தந்திருந்தது. அது பிழை எனப் பூர் முற்கூட்டியே அறிவித்தார். கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், மறைவின் அளவு ஆகிய மூன்றும் விவாதப் பொருளாயின. ஊரார் வானத்தைப் பார்த்திருந்தனர். வானம் பூரின் கணிப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

பூரின் உள்நோக்கம் சமயப் பரப்பல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தின் பிழையைக் காட்டிச் சைவத்தின் பிழையைக் காட்டிவிடலாம் என அவர் கருதினார். அந்த முடிவு அந்த முற்கூற்றிலிருந்து பெறப்படுவதன்று. ஆயினும், வாதத்தின் முடிவு வாதியின் குரலிலன்றிச் சான்றிலே தங்கியிருக்க வேண்டும் என்ற பாடம் அன்று ஊரறிய நடத்தப்பட்டது. விவாத ஆசிரியர் எவரும் முதல் வகுப்பிற் சொல்லித்தரக்கூடிய எடுத்துக்காட்டு இது. சான்று எதை நிறுவுகின்றது, எதை நிறுவவில்லை என்ற இரண்டையும் இந்த ஒரு நிகழ்ச்சி கற்பிக்கின்றது.

மறுபக்கத்திலிருந்து விடை வந்தது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய நல்லூர் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். மிஷனரிமாரின் பிரசங்க வடிவத்தைக் கைக்கொண்டு அவர்களுக்கே விடையிறுத்த நிகழ்ச்சி அது. தமிழ் மேடைப் பேச்சின் தோற்றத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேற், நவீனத் தமிழ்ப் பொதுப்பேச்சின் ஊற்றுக்களுள் ஒன்றாக யாழ்ப்பாணத்தின் இந்தப் பிரசங்க மரபைக் கொண்டார். 2016 இல் மறைந்த அவருடைய ஆய்வு 2021 இல் நூலாக வெளிவந்தது.

நாவலரும் பூரும் எதிரெதிர் முகாமினர். ஆனால் இருவரும் ஆசிரியர்கள்; இருவரும் பாடசாலை நடத்தியவர்கள். யாழ்ப்பாணத்தில் வாதமேடையும் பள்ளிக்கூடமும் ஒரே காலத்தில், ஒரே கைகளால் வளர்க்கப்பட்டன என்பதே இதனாற் பெறப்படும் செய்தி.

1924: வேலி தாண்டிய ஆசிரியர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் மாணவர் விவாதச் சங்கங்கள் வழக்கமாகிவிட்டன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்கின. கிறித்தவக் கல்லூரியும் சைவக் கல்லூரியும் தத்தம் வேலிக்குள் விவாதித்தன. இந்த வேலியைத் தாண்டிய முயற்சிதான் 1924 டிசம்பரில் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். பின்னர் இது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது.

இதன் உயிர்நாடியாக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் 1899 இல் மானிப்பாயிற் பிறந்தவர்; சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊரவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்று அங்கேயே ஆசிரியரானவர். காங்கிரஸைத் தொடக்கியபோது அவருக்கு வயது 25. அதன் முதலாவது மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணக் கல்லூரியின் மூத்த ஆசிரியர் ஜே. வி. செல்லையா, பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1946 இல் வெளியிட்டவர் இவரே. காங்கிரஸில் முன்னின்ற இன்னொருவர் சி. சுப்பிரமணியம். பேச்சு வன்மையால் 'ஒறேற்றர்' என்ற அடைமொழியே அவருக்குப் பெயராயிற்று. சண்டிலிப்பாய்க்கு அணித்தான கந்தரோடையில் உள்ள ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் அதிபராக அவர் பின்னாளில் நெடுங்காலம் விளங்கினார்.

இந்த மூவரும் ஆசிரியர்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மாணவர் காங்கிரஸ் என்று பெயர் இருந்தாலும் அதனை நடத்தியவர்கள் பெரும்பாலும் இளம் ஆசிரியர்கள். அது விவாதம் பயிற்றுவோரின் சங்கம் அன்று என்பது உண்மையே. அதன் நோக்கம் மிக விரிந்தது. ஆயினும், வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த, வெவ்வேறு சமயத்தவரான ஆசிரியர்கள் நிருவாகத்தின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே கூடி, தம் மாணவர்களை ஒரே பந்தலின் கீழ் இருத்தி, ஒரு பொருளை முன்மொழிந்து, எதிர்மொழிந்து, வாக்கெடுத்து முடிவு செய்யப் பழக்கினார்கள். பிரதேச அளவில் விவாத ஆசிரியர்கள் ஒன்று சேர்ந்த நிகழ்ச்சிக்கு எமது வரலாற்றில் இதைவிட நெருங்கிய முன்மாதிரி கிடையாது.

அப்பந்தலின் கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டவை சுவைக்காகப் பேசும் பொருள்களல்ல. தாய்மொழிக் கல்வி, மதுவிலக்கு, தேசிய உடை, இன ஒற்றுமை, தீண்டாமை ஒழிப்பு ஆகியன அவை. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்வதா என்ற கேள்வி 1930 அளவில் குடாநாட்டைக் கலக்கியபோது, காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. அது பேசுவதற்கு இலகுவான பக்கமன்று. தம் சொந்த வீட்டாருக்கும் அயலாருக்கும் எதிராகப் பேச வேண்டிய பக்கம். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இந்த இளைஞர்களின் அழைப்பின் பயனே.

விடையிறுக்கப்படாத வாதம்

இதே காங்கிரஸின் கதையில் விவாத ஆசிரியர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமையில் மாநாடு நடந்தது. டொனமூர் அரசியலமைப்புப் பூரண சுயராச்சியம் தரவில்லை. ஆகவே அதன் கீழ் நடக்கும் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்ற முடிவு அவ்வேளையிற் பிறந்தது. உற்சாகம் கரைபுரண்டது. போட்டியிட ஆயத்தமாக இருந்தவர்களும் ஒதுங்கினர். குடாநாட்டின் 4 தொகுதிகளுக்கும் வேட்பு மனு எதுவும் தாக்கலாகவில்லை. இலங்கையின் ஏனைய பகுதிகளும் தம்மைத் தொடரும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. வெற்றிடமாயிருந்த தொகுதிகளுக்கு 1934 இல் இடைத்தேர்தல் நடந்தது. பகிஷ்கரிப்போடு காங்கிரஸின் செல்வாக்கும் படிப்படியாகத் தேய்ந்தது.

இலட்சியம் பிழையா என்பது வேறு கேள்வி. விவாதக் கலையின் நோக்கில் நின்று கேட்கத்தக்க கேள்வி இது: தெற்கு எம்மைத் தொடராவிட்டால் என்ன செய்வது என்று வினவும் எதிரணிக்கு அன்று போதிய நேரம் வழங்கப்பட்டதா? மாணவர்க்கு எதிர்வாதத்தைப் பழக்கிய ஆசிரியர்களே, உற்சாக வெள்ளத்தில் எதிர்வாதத்தின் மணி அடிக்கு முன்பே தீர்ப்பை வாசித்துவிட்டார்கள் என எண்ணத் தோன்றுகின்றது. காங்கிரஸின் பெருமையைக் குறைப்பதற்காக இதைக் கூறவில்லை. விவாதத்தை ஒரு போட்டியாக மட்டும் கொள்ளாமல் ஒரு பொது ஒழுக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காட்டு எம்மிடம் இல்லை.

அரை நூற்றாண்டின் பின்னர் அந்த ஒழுக்கத்துக்கு மேலும் பெரிய சோதனை வந்தது. இலங்கை-இந்திய உடன்படிக்கை கைச்சாத்தாகிய சில நாள்களில், 1987 ஆகஸ்ட் 4 ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரன் சுதுமலை அம்மன் கோயில் முன்றலிற் பெருந்திரளான மக்கள் முன் உரையாற்றினார். சண்டிலிப்பாய்ப் பிரிவின் எல்லைக்குள் நிகழ்ந்த பேச்சுக்களில் உலகம் மிகுதியும் அறிந்தது அதுவே. அது பிரகடனம், விவாதம் அன்று. அதற்கு முன்னும் பின்னும் பல தரப்புத் துப்பாக்கிகளும் இரண்டாவது பேச்சாளரின் இடத்தை வெறிதாக்கியிருந்தன. அக்காலத்துச் செய்தித்தாளில் வேலை செய்த எவரும் எழுதியதை விட எழுதாமல் விட்டதையே நினைவில் வைத்திருப்பர். பாடசாலை மேடைகள் அப்போதும் இயங்கின. ஆனால் 'கண்ணகியா மாதவியா' என்று வாதிடலாம். வீட்டு வாசலில் நிற்கும் கேள்வியை வாதிட முடியாது. பட்டிமன்றத் தலைப்புகள் இலக்கியத்துக்குள் ஒதுங்கிக்கொண்டமைக்குத் தமிழ்ச் சுவை ஒரு காரணம். அச்சமும் ஒரு காரணம்.

பட்டிமன்றத்தின் தொண்டினை இவ்விடத்திற் குறைத்து மதிப்பிடலாகாது. 1939 இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடக்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் 1980 இல் இலங்கை ஜெயராஜ் முதலிய இளைஞர்கள் தொடங்கிய கம்பன் கழகம் போர்க்காலத்திலும் தமிழ் வாதத்தை உயிரோடு வைத்திருந்தது. ஆயினும் பட்டிமன்றத்தில் மையம் நடுவர். பாடசாலை விவாதத்தில் மையம் எதிர்வாதம். முன்னதற்கு நாவன்மை மிக்க சிலர் போதும். பின்னதற்கு ஒவ்வொரு பாடசாலையிலும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் வேண்டும்.

இடமாற்றமும் இடப்பெயர்வும்

அந்த ஆசிரியருக்கு நேர்ந்தது என்ன? 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. சமமான கல்வி வாய்ப்பு என்ற நோக்கில் அது ஒரு பெரும் மாற்றம். அதே வேளை, ஒரே கல்லூரியில் முப்பது ஆண்டு இருந்து, தலைமுறை தலைமுறையாக விவாத அணிகளை உருவாக்கிய ஆசிரியர் என்ற வகை அருகத் தொடங்கியது. ஆசிரியர் இடமாற்றத்துக்குரிய அரச ஊழியரானார். அவர் போகும்போது அவருடைய கலையும் அவரோடு போய்விடுகின்றது. தலைப்புகள் எழுதிய கொப்பியும், எந்தப் பிள்ளையை எந்த வரிசையில் பேசவிடுவது என்ற பட்டறிவும் பாடசாலையில் தங்குவதில்லை.

பின்னர் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. சண்டிலிப்பாயும் அதில் நடந்தது. 1996 இல் மக்கள் திரும்பி வந்தபோது வீடுகளின் கூரையோடு பாடசாலைகளின் ஏடுகளும் பல இடங்களில் இல்லாமற் போயிருந்தன. ஒரு கலையின் நினைவு தனி மனிதரிலும் தனி அலுமாரியிலும் மட்டும் தங்கியிருந்தால் அதற்கு என்ன நேரும் என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி. இடமாற்றத்தையும் இடப்பெயர்வையும் தாங்கி நிற்கக்கூடியது கூட்டு நினைவு ஒன்றே. அதற்குப் பெயர்தான் சங்கம்.

ஒரு கடிதத்தின் கதை

இதை வேறொரு நாட்டின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாணவர் காங்கிரஸ் தோன்றிய மறுவருடம், 1925 இல், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள றிப்பன் கல்லூரியைச் சேர்ந்த புரூனோ ஜேக்கப் என்பவர் நஷனல் ஃபொரென்சிக் லீக் என்ற அமைப்பைத் தொடக்கினார். 'ஃபொரென்சிக்' என்பது இங்கே பிரேத பரிசோதனையைக் குறிப்பதன்று. மன்றத்தில் வாதிடும் கலை என்பதே அச்சொல்லின் பழைய பொருள். உயர்நிலைப் பள்ளி விவாதிகளுக்கென ஏதேனும் கௌரவச் சங்கம் உண்டா என்று வினவி ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதமே அதற்குத் தூண்டுகோல். அத்தகைய சங்கம் அப்போது இருக்கவில்லை. ஆகவே ஜேக்கப் அதனை உருவாக்கினார். 2014 இல் பெயர் மாறித் தேசியப் பேச்சு விவாதச் சங்கமாக அது இன்றும் இயங்குகின்றது.

அதன் ஒழுங்குகளுள் இரண்டு எமக்குப் பயன்படுவன. முதலாவது, வென்ற அணிக்கு 6 புள்ளி என்றால் தோற்ற அணிக்கும் 3 புள்ளி உண்டு. மேடையேறியவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இரண்டாவது, மாணவர் பெறும் புள்ளியில் பத்திலொரு பங்கு பயிற்றிய ஆசிரியரின் கணக்கிலும் சேரும். மேடைக்குப் பின்னால் நின்றவரையும் ஏட்டிற் பதியும் முறை அது. அமெரிக்கச் சங்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. எமது காங்கிரஸ் ஒரு தசாப்தம் வீச்சோடு நின்றது. காங்கிரஸ் தேசத்தைத் தூக்கிச் சுமக்க முயன்றது. ஜேக்கப்பின் சங்கம் தோற்ற பிள்ளையின் 3 புள்ளியைத் தவறாமல் எழுதி வைத்தது. நிலைபேற்றின் இரகசியம் பெரும்பாலும் இத்தகைய சிறு வேலைகளில் இருக்கின்றது.

ஆகவே, சண்டிலிப்பாய்க் கோட்டத்தின் விவாத ஆசிரியர்கள் ஒன்று சேர்வார்களாயின், அவர்களுடைய முதல் வேலை பெரிய மாநாடு அன்று. தலைப்புகளுக்கு ஒரு பொது ஏடு வேண்டும். இடமாற்றம் பெற்றுச் செல்பவர் தம் குறிப்பை அதில் வைத்துச் செல்ல வேண்டும். நடுவர்கள் எதற்குப் புள்ளி இடுகின்றார்கள் என்பதைப் போட்டிக்கு முன்பே அமர்ந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். குரலின் கம்பீரத்துக்கு எவ்வளவு, சான்றுக்கு எவ்வளவு, எதிர்வாதத்துக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டம் மானிப்பாயில் மட்டும் கூடாமல் மாதகலிலும் இளவாலையிலும் முறைவைத்துக் கூட வேண்டும். ஆசிரியர் குறைந்த சிறிய பாடசாலையின் பிள்ளைக்கு அயற் பாடசாலை ஆசிரியர் பயிற்சி தருவது இயல்பான செயலாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் நம்பாத பக்கத்தையும் ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும்.

இறுதியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் முதன்மையானது. ஹண்டி பேரின்பநாயகம் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் பலர் இலவசக் கல்வியை எதிர்த்து நின்றபோது கன்னங்கராவின் திட்டத்தை ஆதரித்தவர். 1977 இல் அவர் மறைந்தார். 1980 இல் சாந்தசீலன் கதிர்காமர் தொகுத்த நினைவு மலரே இன்று இந்த வரலாற்றை அறிய எமக்குள்ள பெரும் வாயில். தம் கூட்டத்தாரின் கருத்துக்கு மாறாக நின்று பேசவும், மாறாக நின்று பேசுபவரைப் பொறுமையோடு கேட்கவும் ஒரு மனிதர் எங்கே கற்றார் என்று தேடினால், அத்தேடல் ஒரு வகுப்பறையில், ஒரு மாணவர் விவாதச் சங்கத்தில், அதற்குப் பொறுப்பாயிருந்த ஓர் ஆசிரியரிடம் போய் முடியும். அவ்வாசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது ஊருக்கு நல்லது.